சொல்லாததைப் பூத்த செடிகள்

முல்லா வீதித் தையற்காரர் கலீலுல்லாவின் கடையில் 1956-ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு பூ பேசியது. சட்டைப் பித்தானில் பாதி அளவுள்ள பூ; வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் கடுகு ஒட்டினாற்போல ஒரு சிவப்பு. "வயிறு பெருத்துப் போச்சுன்னா கோச்சுக்குவீங்க, அதான் டேப்பைத் தளத்திப் புடிச்சேன்" என்று அது சொன்னது. குரல் கலீலுல்லாவுடையது. சத்தம் மட்டும் கொசு காதோரம் பறக்கும் அளவுக்கு. அப்போது அளவு கொடுக்க நின்றிருந்தவர் எதிர்வீட்டுக் கலியபெருமாள், நகராட்சி அலுவலகமான மெரியில் குமாஸ்தா. அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கலீலுல்லாவின் வாயைப் பார்த்தார். வாயில் குண்டூசிகள் இருந்தன. அந்த வாரம் பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் விலை ஏறியிருந்தது, மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது. ஊரில் அது முதல் பேச்சாகவும் பூ பேசியது இரண்டாவது பேச்சாகவும் இருந்தது.

பூ பூத்தது ஒரு பலகையில். பலகை முழுக்கச் சின்னஞ்சிறு ஆர்க்கிட் செடிகள். மண் கிடையாது, தொட்டி கிடையாது. வேர்கள் மரத்தைக் கவ்விக்கொண்டு காற்றிலேயே கிடக்கும். சிலவற்றின் இலை குன்றிமணி அளவு, சிலவற்றுடையது அரிசி அளவு. இந்தோசீனக் காட்டு மரங்களிலிருந்து பெயர்த்தெடுத்து, சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவை. கொண்டுவந்தவர் முசே தெஷான். பிரெஞ்சுப் படைக்கு ஊரில் ஆள் சேர்த்த அதிகாரி; பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு மஞ்சள் சுவர் வீட்டில் தனியாக இருந்தவர். 1954 நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியதும் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார், நாயைச் சமையற்காரனுக்குக் கொடுத்தார், செடிகளை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார். பயணக் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்த அன்று, ஆள் அனுப்பும்வரை இவற்றைப் பார்த்துக்கொள்ள முடியுமா, தண்ணீர் ஊற்றக் கூடாது, மேலே தூவ மட்டும் வேண்டும் என்று கேட்டார். கலீலுல்லா வாய் நிறையக் குண்டூசியோடு "உம்" என்றார். மறுநாள் ஒரு சேவகன் பலகையைத் தலையில் சுமந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். முசே தெஷான் ஆள் அனுப்பவே இல்லை.

அந்த "உம்" பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அளவு கொடுக்க நிற்கிற மனிதன் கையை அசைக்கக் கூடாது, தோளை அசைக்கக் கூடாது. வாய் ஒன்றுதான் அவனுக்கு மிச்சம், அதனால் பேசிக்கொண்டே இருப்பான். தையற்காரன் வாயிலோ ஊசி. கலீலுல்லாவின் "உம்" என்பதற்கு "திரும்புங்கள்" என்றும் "கையை இறக்குங்கள்" என்றும் "காதில் விழுந்தது" என்றும் அர்த்தம். எதிரே நின்றவர்கள் எல்லாரும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்றவர்களுக்கும் சேரக் கூடாது என்றவர்களுக்கும் ஒரே வாரத்தில் ஒரே கத்திரியோடு "உம்" சொன்னவர் அவர். இரண்டு தரப்பும் அவரைத் தங்கள் ஆள் என்று நம்பி, அந்த நம்பிக்கையிலேயே தீபாவளிக்கும் பெருநாளுக்கும் துணி கொண்டுவந்து கொடுத்தது.

அவருடைய மகன் பக்ருதீன் 1951-இல் சொல்தாவாக, பிரெஞ்சுப் படைச் சிப்பாயாகப் போனான். இருபத்தொரு வயது நிரம்பாதவனைச் சேர்ப்பதென்றால் தகப்பன் வாயால் ஒரு சம்மதம் வேண்டும் என்பது முசே தெஷான் வைத்திருந்த வழக்கம். பக்ருதீனுக்குப் பதினெட்டு. பையன் தானாகப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றுதான் கலீலுல்லா வீட்டில் சொன்னார். 1954 கோடையில் முசே தெஷான் கலியபெருமாளை மொழிபெயர்க்க அழைத்துக்கொண்டு கடைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பையன் இந்தோசீனச் சண்டையில் இறந்த செய்தியைச் சொன்னார். சொல்லிவிட்டு, பெற்ற பிள்ளையை மனமுவந்து கொடுத்த தகப்பனுக்குத் தன் வணக்கம் என்றும் சொன்னார். கலியபெருமாள் அதையும் விடாமல் மொழிபெயர்த்தார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கிய திரைக்குப் பின்னால் ரோஷன் பீவி நின்றிருந்தாள்.

செய்தி கேட்க வந்தவர்கள் போன பிறகு அவள் கணவனிடம் கேட்டாள். "நீங்க சம்மதம் சொன்னீங்களா?"

"வாயில ஊசி இருந்துச்சு."

"மறுநா ஊசிய எடுத்திருப்பீங்கள்ல? அப்பப் போயி வேணாம்னு சொல்லிருக்கலாம்ல?"

அவர் ஒரு குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். வீட்டில் அதற்குப் பிறகு அரிசி பற்றிப் பேச்சு உண்டு, எண்ணெய் பற்றி உண்டு, காரைக்காலில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஜரினாவின் பிரசவம் பற்றி உண்டு. அந்த ஒன்றைப் பற்றி மட்டும் இல்லை. ரோஷன் பீவி கத்தி அழுகிறவள் அல்ல. நிக்காஹ் வீடுகளுக்குப் பாட அழைக்கப்படுகிற குரல் அவளுடையது, அதை நிறுத்திக்கொண்டாள். மற்றபடி மீனைக் கழுவினாள், திரையைத் துவைத்தாள், அவர் வாயிலிருந்து மீதி வருவதற்காகக் காத்திருந்தாள். நடந்தது என்ன என்று அவள் ஏறக்குறைய ஊகித்திருந்தாள். ஊகம் அவளுக்குப் போதவில்லை.

இந்த வீட்டுக்குள்தான் பலகை வந்தது. கலீலுல்லாவுக்குச் செடி வளர்த்துப் பழக்கமில்லை. தையற்கடையில் இருந்ததைக் கொண்டு வளர்த்தார். இஸ்திரிப் பெட்டியில் எரிந்து மிஞ்சிய கரியை நசுக்கி, தேங்காய் நாரில் சுற்றி, வேருக்கு அடியில் வைத்தார். பிடிப்பு விட்ட செடியைப் பித்தான் துளைக்குத் தைக்கும் காஜா நூலால், காஜா எடுக்கும் முடிச்சுப் போட்டே கட்டினார். கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம், அதில் இலை நுனி கருகியதால் மழைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து மூடி வைத்தார். கடற்காற்று நேராகப் படாமல் மெஷினுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார். தூவுவதற்கு அவருக்கு ஒரு வழிதான் தெரியும். இஸ்திரி போடுமுன் துணியில் செய்வதுபோல ஒரு வாய் தண்ணீர் எடுத்து, உதட்டைக் குவித்து, புஸ்ஸென்று ஊதினார். வெள்ளி நூல்போல் இருந்த வேர்கள் பச்சையாக மாறின. முசே தெஷான் பித்தளைத் தெளிப்பானால் தூவியபோது ஒரு இலைகூடப் புதிதாகத் துளிர்க்காத செடிகள் தையற்காரர் வாய்த் தண்ணீரில் அடுத்த மழைக்குள் பலகையை மூடிவிட்டன. அவர் அவற்றை ஒர்கிதே என்றார். தெருவில் காத்துச்செடி என்றார்கள்.

தையில் முதல் பூவும் மாசியில் இன்னும் சிலவும் பேசிய பிறகு விஷயம் தெளிவானது. கலீலுல்லா வாயில் ஊசியோடு விழுங்கியவை எல்லாம் தண்ணீரோடு செடிக்குள் இறங்கி, ஒரு பூவுக்கு ஒன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஒரு பூ இரண்டு வாரம்போல இருக்கும். இருக்கும்வரை ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். வைத்திக்குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரி பூவாயியைப் பற்றி ஒரு பூ, "நேத்து மீனை இன்னிக்கு விக்கிறா, வாயப் பாரு" என்றது. பூவாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன் கிட்டே போய் நின்றாள்.

"ஏன் பாய், இத்தினியூண்டு பூவுக்கு மூக்கு எங்க இருக்குது?"

"நான் சொல்லலம்மா அது."

"உங்க வாய் எச்சிலு, உங்க கொரலு, நீங்க சொல்லல. நான் சொன்னனா? தெரைக்குப் பின்னால நிக்கிற பாயம்மா, நீயும் நல்லாக் கேட்டுக்க, நாளைக்கு நெத்திலிய நாறிப்போச்சுன்னு இது சொன்னா அது பூவோட கணக்கு, எங்கணக்கு இல்ல."

அவள் தொடர்ந்து வந்தாள். வேறு சிலர் வரவில்லை. தமக்குக் காலர் விஷயத்தில் ரசனையில்லை என்று பூ சொல்லித் தெரிந்துகொண்ட ஒரு வக்கீல், மனைவியின் நகையை மாமியாருக்குத் தெரியாமல் விற்றதாக அளவு கொடுக்கும்போது சொல்லியிருந்த ஒரு மளிகைக்காரர், இரண்டு கட்சியிலும் இருந்த பலர் துணியை வேறு கடைக்குக் கொண்டுபோனார்கள். தன்னைப் பற்றி என்ன வரும் என்று கேட்பதற்காகவே வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. ஒன்றும் வராதபோது அவர்களுக்கு அதுவே மனத்தாங்கலானது. உழவர்கரையிலிருந்து வந்த ஒருவர் கிளை ஒன்றைக் கேட்டு வாங்கிப்போய்த் தன் வீட்டு மாமரத்தில் கட்டி வளர்த்தார். அங்கே அது நன்றாகப் பூத்தது, ஒரு சொல் பேசவில்லை. அவர் எதையும் உள்ளே வைத்துக்கொள்ளாத ஆள் என்று தெருவில் சொன்னார்கள்.

கலீலுல்லா தூவுவதை நிறுத்திப் பார்த்தார். வேர்கள் சுருங்கின, மூன்றாம் நாள் காலையில் ரோஷன் பீவி திரையை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு செம்பு மழைத்தண்ணீரை மெஷின் பலகைமேல் வைத்தாள்.

"ஊதுங்க."

"கடைக்கு ஆளே வரமாட்டேங்குறாங்க ரோஷன்."

"வரலன்னா போறாங்க. ஊதுங்க."

அவர் முதலில் வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதிப் பார்த்தார், பன்னீர் கலந்து பார்த்தார், பிஸ்மில்லா சொல்லி ஊதினார். எதிலும் மாற்றமில்லை. தினமும் செம்பு வந்தது, தினமும் ஊதினார். ரோஷன் பீவி ஒவ்வொரு மொட்டையும் விளக்கைப் பிடித்துப் பார்த்து வைத்துக்கொள்வாள். விரிந்த அன்று தலைத்துணியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். அது கலியபெருமாள் வயிறாகவோ வக்கீல் காலராகவோ இருந்தால் உள்ளே போய்விடுவாள். 1958-இல் ஒரு பூ, "அந்தப் பச்சைச் சேலையை ரோஷனுக்கு எடுத்திருக்கணும், காசு இருந்துச்சு" என்றது. 1959-இல் இன்னொன்று, "இவ பாடும்போது மெஷினை நிறுத்திட்டுக் கேட்டேன்னு இவளுக்குத் தெரியாது" என்றது. அதைக் கேட்டு அவள் சற்று அதிக நேரம் நின்றாள். பாடுவதை விட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. "இதையெல்லாம் யாரு கேட்டா?" என்று பூவிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த பிரசவத்துக்கு வந்திருந்த ஜரினாவுக்கு இது பொறுக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே தாயிடம் சண்டைக்கு நின்றாள்.

"அத்தாவை விட்ரும்மா. பாவமா இல்லியா உனக்கு? அவரு வாயால சொல்லிட்டா தம்பி வந்துருவானா?"

"வரமாட்டான்."

"அப்புறம் என்னாதான் வேணும் உனக்கு?"

"எம்புள்ளையக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியணும். ஊசியா, இவரா."

ஜரினா காரைக்காலுக்குத் திரும்பிப் போன பிறகு அந்தப் பேச்சை எடுக்க வீட்டில் யாரும் இல்லை. 1960-இல் புயல் மழை பெய்து வீதியில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, கணவனும் மனைவியும் மெஷினைக்கூட விட்டுவிட்டு முதலில் பலகையைத்தான் பரண்மேல் ஏற்றினார்கள். அவருக்கு அது தான் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. அவளுக்கு அது காது வைத்துக் கேட்க மிச்சமிருந்த ஒரே வாய். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

பலகையின் கீழ்மூலையில் ஒரு செடி இத்தனை வருஷமும் பூக்கவில்லை. அரிசி இலைச் செடிகளிலேயே சிறியது. 1962 ஆகஸ்டில், ஊரைச் சட்டப்படி ஒப்படைக்கும் காகிதம் மாற்றிக்கொள்ளப்பட்டு, பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று தெருவுக்குத் தெரு பேச்சு நடந்த வாரத்தில், அந்தச் செடி ஊசி முனைபோல ஒரு தண்டை நீட்டியது. நுனியில் ஒரே ஒரு மொட்டு. மற்ற மொட்டுகள் பத்து நாளில் விரியும். இது மாதம் தாண்டியும் மூடியே இருந்தது. கலியபெருமாள் வந்து, "பாய், எந்தப் பக்கம் போவறதா உத்தேசம்? பிரான்சா, இந்தியாவா?" என்று கேட்டபோது கலீலுல்லாவின் வாயில் ஊசி இல்லை. மொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு குறைந்தது. நாகூருக்குப் போய்விட்டு வரலாமா என்றார். "பூத்ததும் போலாம்" என்றாள் ரோஷன் பீவி.

ஒரு பிற்பகல் கடையில் யாருமில்லாதபோது அவர் நூல் வெட்டும் சின்னக் கத்திரியை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். கத்திரியை விரித்துத் தண்டின் இரண்டு பக்கமும் வைத்தார். திரை அசைந்தது.

"வெட்டுங்க" என்றாள் ரோஷன் பீவி. "நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன். வெட்டிட்டா அதுதான் உங்க பதில்னு தெரிஞ்சிக்குவேன்."

அவர் கத்திரியை மூடி மெஷின் டிராயரில் வைத்தார். அன்று மாலை வழக்கம்போல ஊதவும் செய்தார்.

பூ விரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை, அவர் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம். வாசலில் பூவாயி கூடையை இறக்கி, சங்கரா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி விலை சொல்லிக்கொண்டிருந்தாள். பலகைப் பக்கமிருந்து குரல் வந்தது. மற்றப் பூக்களைவிடச் சிறியது அது, வெள்ளை, எள்ளுக்குச் சற்றுப் பெரிசு. ஆனால் வாசல்வரை கேட்டது. குரலும் பத்து வருஷத்துக்கு முந்திய கலீலுல்லாவினுடையது. இருமல் சேராத குரல்.

"ஊசி வாயில இல்ல ரோஷன். எடுத்துக் கையில வச்சிக்கிட்டுத்தான் சரின்னு சொன்னேன். ஊர்ல எத்தினி பேரு புள்ளைக்குத் தச்சிருக்கேன். நம்ம புள்ளைக்கு என்னா தோளு. எங்கையால தச்ச பட்டாளத்துக் கோட்டு ஒருதரம் அந்தத் தோள்ல நிக்கட்டும்னு நெனச்சேன்."

சொல்லி முடித்து மறுபடியும் தொடங்கியது. பூவாயி செவுளிலிருந்து விரலை எடுத்தாள். எட்டு வருஷமாக இந்த வீட்டில் பேரம் பேசாமல் ஒருநாளும் மீன் விற்காதவள், இரண்டு மீனை ரோஷன் பீவியின் சட்டியில் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். ரோஷன் பீவி சட்டியோடு நின்று அது நாலைந்து முறை சொல்லும்வரை கேட்டாள். அவளுக்கு ஞாபகம் வந்தது அந்தக் கோட்டு. மகன் கப்பலேறிய வாரத்தில் அதை இஸ்திரி போட்டது அவள்தான். முதுகுப் பக்கம் ஒரு சுருக்கம் கூட விழாமல் நிற்கிறது என்று அப்போது அவளும் சொல்லியிருந்தாள்.

கலீலுல்லா திரும்பி வந்து, செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார். உள்ளே வந்து உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள், சங்கரா மீன் குழம்பை ஊற்றினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கடைப்பக்கமிருந்து அந்தக் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கை கழுவும்போதும் சொன்னது. அவர் ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சொல்வதற்கு இருந்தது வெளியே வந்துவிட்டிருந்தது. தெருவில் எல்லாரும் கேட்டார்கள், கலியபெருமாள் அந்த நாட்களில் சன்னலைச் சாத்தி வைத்தார். மற்றப் பூக்கள் இரண்டு வாரம் இருந்தன; இது ஐப்பசி முழுக்க இருந்தது.

பூ உதிர்ந்த மறுநாள் காலை செம்பு வழக்கம்போல மெஷின் பலகைக்கு வந்தது. கலீலுல்லா கையை நீட்டினார். ரோஷன் பீவி செம்பை அவர் பக்கமிருந்து நகர்த்திக்கொண்டாள்.

"உங்களது ஆச்சு" என்றாள். "இனிமே நான் ஊதுறேன். நீங்க தையுங்க."

ஒரு வாய் தண்ணீர் எடுத்து ஊதினாள். முதல் தரம் சரியாக வரவில்லை, பாதி முந்தானையில் வழிந்தது. இரண்டாம் தரம் மேலிருந்து கீழ்வரை எல்லா வேரும் நனைந்தது. அவளும் முப்பது வருஷக் குடித்தனத்தில் திரைக்குப் பின்னால் நின்று விழுங்கியவள்தான். அதுவரை அதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. மார்கழி பிறக்கும்முன் பலகையில் இலை தெரியாத அளவுக்கு மொட்டு வைத்தது. முதலில் விரிந்த பூ பெண்குரலில், "அந்தக் கோட்டுக்கு இஸ்திரி போடும்போதே போவாதடான்னு சொல்ல வாய் வந்துச்சு, முழுங்கிட்டேன்" என்று பேசியது. பாடப் பழகிய குரலானதால் சொல் ஒவ்வொன்றும் சுத்தமாகக் கேட்டது. கலீலுல்லா மெஷினை வேகமாக மிதித்தார். காஜா எடுப்பதற்கு மெஷினை நிறுத்தித்தான் ஆக வேண்டும், அப்போது கேட்டார். பண்டிகைத் துணி கொடுக்க வந்த கலியபெருமாள் கொஞ்ச நேரம் காதுகொடுத்துவிட்டு, "பாயம்மாவா?" என்றார். ஆமாம் என்றார் கலீலுல்லா. கலியபெருமாள் பொங்கலுக்குமுன் சட்டை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதமே செடிகள் விளிம்பைத் தாண்டி வேரைக் காற்றில் தொங்கவிட ஆரம்பித்தன. இடம் போதவில்லை. கலீலுல்லாவே நெல்லித்தோப்புத் தச்சரிடம் சொல்லி, அதைவிடப் பெரிதாக இன்னொரு பலகை செய்து வாங்கி, தான் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, நன்றாகக் கேட்கும் உயரத்தில் மாட்டினார்.